இடிந்த வீட்டைக் கட்டுதல்

டி-34 டாங்கியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அதன் பின்பக்கத் தகட்டில் ஒரு போல்ட் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டும். இடிந்த சுவர் அப்படியல்ல. சாலையை அகலப்படுத்தும்போது பாதியாக வெட்டப்பட்ட வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திறந்து கிடக்கும் மாடியறையின் பச்சைச் சுவரும், காலண்டர் மாட்டிய ஆணியும், அறுந்து தொங்கும் ஒயரும் நமக்குப் பழகிய காட்சிகள். அதனால்தான் டியோராமா எனும் மாதிரிக் காட்சியில் சுவர் தவறாக இருந்தால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட "ஏதோ இடிக்கிறதே" என்கிறார். டாங்கிக்கு மூன்று மாதம், சுவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நேரம் ஒதுக்கும் வழக்கத்தை இந்த அத்தியாயத்தோடு விட்டுவிடுங்கள்.

தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. சுவரில் பெரிய ஓட்டை இருக்கும். அதன் கீழே ஒரு கைப்பிடி செங்கல் தூவியிருக்கும். மீதிச் சுவர் எங்கே போனது? குண்டு விழுந்தால் செங்கல் ஆவியாகிவிடாது. சுவரில் இல்லாததெல்லாம் தரையில் கிடக்க வேண்டும். தரையில் கிடப்பதெல்லாம் அந்தக் கட்டிடத்தின் சுவரிலோ கூரையிலோ மாடியிலோ ஒரு காலத்தில் இருந்ததாக இருக்க வேண்டும். இந்த வரவு செலவு சரியாக இருந்தால் கைத்திறன் சுமாராக இருந்தாலும் காட்சி எடுபடும். அதற்கு ஒரே வழி, முழுக் கட்டிடத்தை முதலில் கட்டி முடிப்பது. தாளிலாவது கட்டி முடிக்க வேண்டும். அதன் பிறகே உடைக்க வேண்டும்.

எந்த ஊர், எந்த மாதம், எதனால்

"ஐரோப்பிய இடிபாடு" என்ற பொதுப் பெயரில் பெட்டிகள் விற்கிறார்கள். உலகில் அப்படிப் பொதுவான இடிபாடு எதுவும் கிடையாது. நார்மண்டியின் கான் நகரத்தில் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல். பெர்லினில் பூச்சுப் பூசிய செங்கல் அடுக்குமாடிகள். ஸ்டாலின்கிராடின் ஓரப் பகுதிகளில் மரவீடுகள். மரவீடு எரிந்தால் மிஞ்சுவது செங்கல் அடுப்பும் புகைபோக்கியும்தான். 1942 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மானிய விமானப்படை நடத்திய பெருந்தாக்குதலுக்குப் பிந்தைய படங்களில் புகைபோக்கிகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இந்த அத்தியாயத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது அதே நகரம், 1942 அக்டோபர், வோல்கா கரையை ஒட்டிய மையப்பகுதி. செப்டம்பர் 14-15 இரவில் ஆற்றைக் கடந்துவந்த சோவியத் தளபதி ரோதிம்சேவின் 13ஆவது கார்டு துப்பாக்கி டிவிஷன் சண்டையிட்ட இடம். நாம் கட்டப்போவது நான்கு தளச் செங்கல் குடியிருப்பு ஒன்றின் மூலை, 1/35 அளவில். நான்கு தளத்தில் இரண்டு மட்டுமே மிஞ்சி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பகுதிக்கு ஒரு நல்ல சாட்சி இன்றும் நிற்கிறது. இன்று வோல்கோகிராடு எனப்படும் அந்த நகரில், ஸ்டாலின்கிராட் போர் அருங்காட்சியகத்தை ஒட்டி, கெர்ஹார்ட் மாவு ஆலை என்ற ஐந்து தளச் சிவப்புச் செங்கல் கட்டிடத்தை இடிந்த நிலையிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரே 58 நாள் தாக்குப்பிடித்த பாவ்லோவ் வீடு. அதைப் போருக்குப் பின் திரும்பக் கட்டிவிட்டார்கள். ஆலையின் வண்ணப்படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். பார்த்துப் படியுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். அதில் இரண்டு வம்பு உண்டு. ஒன்று, ஆலையின் எலும்புக்கூடு இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட். அது இன்னும் நிற்பதற்குக் காரணமே அதுதான். அந்தக் காலக் குடியிருப்புகள் பலவற்றில் தளம் மரத்தால் ஆனது. ஆலையின் கான்கிரீட் தளத்தையும் வளைந்த கம்பியையும் மரத்தளக் குடியிருப்பில் கொண்டுவந்து தொங்கவிட்டால் கட்டிடமே மாறிவிடும். இன்னொன்று, ஆலை எண்பது ஆண்டு மழையிலும் பனியிலும் நனைந்துவிட்டது. அதன் உடைந்த விளிம்புகள் மழுங்கிக் கறுத்துவிட்டன, தூசு கழுவப்பட்டுவிட்டது. போர் நடந்த வாரத்தில் உடைந்த செங்கலின் முகம் பளிச்சென்று இருந்திருக்கும். எல்லாவற்றின் மீதும் தூசு அப்பியிருக்கும்.

ஊரும் மாதமும் முடிவானதும் அடுத்த கேள்வி: எதனால் இடிந்தது? தீ என்றால் கூரையும் மரத்தளங்களும் எரிந்து உள்ளே விழும். வெளிச்சுவர் நான்கும் வெறும் கூடாக நிற்கும். தெருவில் இடிமானம் அவ்வளவாக இருக்காது. ஜன்னல்களுக்கு மேலே கரி படர்ந்திருக்கும், கீழே இருக்காது. தீ நாக்கு மேல்நோக்கித்தானே போகும். தாமதித்து வெடிக்கும் விமானக்குண்டு என்றால் தளங்களைத் துளைத்துக்கொண்டு போய் அடியில் வெடிக்கும். சுவர்கள் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுத் தெருவில் சாயும். பீரங்கிக் குண்டு வெளிச்சுவரிலேயே வெடித்தால் செங்கல் பெரும்பாலும் உள்ளே பாயும், வெளியே சிதறலின் கொத்துத் தழும்புகள் இருக்கும். நம் கட்டிடத்துக்கு முதலில் தீ, பிறகு குண்டு என்று முடிவு செய்வோம். ஸ்டாலின்கிராடில் இந்த வரிசை வெகு சாதாரணம். முடிவை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துவிடுங்கள். பின்னால் கை போன போக்கில் கரியைத் தேய்க்கத் தோன்றும்போது அது தடுக்கும்.

அளவுக் கணக்கு

1/35 அளவில் ஒரு மீட்டர் என்பது 28.6 மி.மீ. ஆள் 5 செ.மீ. உயரம், இரண்டு மீட்டர்க் கதவு 57 மி.மீ. செங்கலின் அளவு 250 × 120 × 65 மி.மீ. என்று கொள்ளுங்கள், மாதிரியில் அது ஏறக்குறைய 7.1 × 3.4 × 1.9. நடுவில் சாந்து 10 மி.மீ. என்றால் மாதிரியில் 0.3 மி.மீ., பால்பாயிண்ட் பேனா முனை விடும் கோட்டின் அளவு. சாந்தையும் சேர்த்தால் ஒரு வரியின் உயரம் 2.14 மி.மீ. பத்து வரிக்கு 21.4 மி.மீ. என்று அடையாளம் போட்டுக்கொண்டு இடையில் பிரிப்பதுதான் வசதி. ஒவ்வொரு வரியாக அளந்து போனால் சிறு பிழைகள் சேர்ந்து மேலே போவதற்குள் அரை வரி தவறிவிடும். தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர் என்றால் 94 மி.மீ., சரியாக 44 வரி.

சுவரின் பருமன்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ரஷ்யக் குளிருக்கு வெளிச்சுவர் இரண்டு செங்கல் அல்லது இரண்டரைச் செங்கல் கனம் இருக்கும். இரண்டு செங்கல் என்றால் 51 செ.மீ.; மாதிரியில் 14.5 மி.மீ. ஐந்து மி.மீ. ஃபோம் போர்டில் வெட்டிய சுவர் நாடக மேடைத் தட்டி மாதிரி தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொரு கணக்கு. இரண்டு செங்கல் கனமுள்ள சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 செங்கல் இருக்கும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஓட்டை என்றால் 800 செங்கல் தரைக்கு வந்தாக வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குவியலுக்கு வரும்போது தேவைப்படும்.

சுவர்

உடம்புக்கு எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகை நல்லது. கூரையில் வெப்பத் தடுப்புக்குப் போடும் நீலம் அல்லது இளஞ்சிவப்புப் பலகைதான். தெர்மாகோல் வேண்டாம், வெட்டினால் மணி மணியாக உதிரும், கோடு நிற்காது. 15 மி.மீ. பலகை கிடைத்தால் நம் சுவருக்கு அப்படியே பொருந்தும். மேல்தோல் வழவழப்பாக இருந்தால் நைஸான உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

கோடு போடும் முன் செங்கல் கட்டிய முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீளவாட்டு முகம் மட்டுமே தெரியும்படி எல்லா வரியையும் போடுவதுதான் மாடல்காரர்களின் வழக்கம். அது அரைச் செங்கல் கனமுள்ள சுவருக்கு உரிய முகம். கனத்த சுவரில் முன்னும் பின்னும் பிணைய வேண்டும் என்பதால் குறுக்கே வைத்த கற்கள் கட்டாயம் இருக்கும். ஒரு வரி முழுக்க நீளவாட்டுக் கல், அடுத்த வரி முழுக்கக் குறுக்குக் கல் என்று மாறி மாறிப் போவது ஒரு பழைய முறை. நம்மூர்க் கொத்தனாரும் இதை இங்கிலீஷ் பாண்டு என்பார். மாதிரியில் நீளக் கல்லுக்கு 7.4 மி.மீ., குறுக்குக் கல்லுக்கு 3.7 மி.மீ. இடைவெளியில் நிலைக்கோடு போடுங்கள். மேல்வரியின் நிலைக்கோடு கீழ்வரியின் நிலைக்கோட்டுக்கு நேராக வரக்கூடாது. ஜன்னலுக்கு மேலே செங்கலைச் செங்குத்தாக அடுக்கிய வளைவு உண்டு. அதன் ஒரு பக்கத் தூண் இடிந்துவிட்டது என்றால் வளைவும் விழுந்திருக்க வேண்டும். ஆதரவே இல்லாமல் காற்றில் நிற்கும் வளைவுகள் கண்காட்சிகளில் இன்னும் பரிசு வாங்குகின்றன என்பது வேறு விஷயம்.

இனி உடைப்பு. மூலைதான் வலுவான இடம், இரண்டு சுவர் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் மூலை கடைசிவரை நிற்கும். சுவர் பலவீனமாவது ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் கோட்டில். எனவே மூலையில் உயரமாகத் தொடங்கி, ஜன்னல் கோட்டில் சட்டென்று இறங்கி, அடுத்த தூணில் கொஞ்சம் ஏறும்படி உடைப்புக் கோட்டை வரையுங்கள். சாந்து செங்கலைவிட மென்மையாக இருந்தால் பிளவு சாந்தின் வழியே படிப்படியாக இறங்கும். ரம்பப் பல் போல ஒழுங்காக வேண்டாம். இரண்டு வரி இறங்கி, ஒன்றரைக் கல் நகர்ந்து, ஐந்து வரி சரிந்து, அப்படி. ஆங்காங்கே ஒரு கல் பாதியாக உடைந்து நிற்கட்டும்.

வேலையை இங்கே முடித்துவிடுகிறவர்கள் அதிகம். முன்முகமும் பின்முகமும் செங்கலாக இருக்கும், உடைந்த வெட்டுமுகம் மட்டும் வழவழப்பான ஃபோமாக இருக்கும். அந்த 14.5 மி.மீ. கனத்திலும் நான்கு வரிசைக் கற்கள் தெரிய வேண்டும், மேலே பார்த்தால் படிக்கட்டாகத் தெரிய வேண்டும். உடைப்பு விளிம்பை ஒட்டி ஒரு செ.மீ. ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, தனித்தனியாக வார்த்த செங்கற்களை அடுக்கி ஒட்டுவதே என் சிபாரிசு. ஒரு மாலை வேலைதான். சுவரின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு செ.மீ.யில் இருக்கிறது. மினியார்ட் போன்ற நிறுவனங்களின் வேக்யூம் முறைப் பிளாஸ்டிக் சுவர்களை வாங்கினாலும் உடைப்பு விளிம்புக்கு இதையே செய்யலாம்.

செங்கல் வார்ப்பது எளிது. கண்ணாடித் தகட்டின் மேல் 2 மி.மீ. உயரச் சட்டங்களை ஒட்டி, நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி, ஸ்கேலால் வழித்துச் சமப்படுத்துங்கள். பாதி இறுகியதும் 7.1 × 3.4 அளவில் கத்தியால் கோடு கீறி, நன்றாகக் காய்ந்த பின் ஒடித்து எடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்தால் விளிம்பு உதிராது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் கிடைத்தால் இன்னும் கடினமாக வரும். ஹார்டுவேர் கடையில் தரைக்குப் போட விற்கும் ரெட் ஆக்சைடு பொடியைச் சிறிது கலந்து ஊற்றினால், உடைக்கும்போது உள்ளேயும் சிவப்பாக இருக்கும். பிறகு ஒவ்வொரு சில்லுக்கும் வண்ணம் அடிக்கும் தொல்லை இல்லை. பொடி கூடினால் பிளாஸ்டர் பலமிழக்கும், கவனம். மழைக்காலத்தில் காய்வதற்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். தூளைத் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பூச்சு உண்மையில் 15 முதல் 20 மி.மீ. கனம், மாதிரியில் அரை மி.மீ. நீர்த்த பட்டியை ஒரே பூச்சாக இழுத்தால் போதும். உடைப்பின் ஓரத்திலும் ஜன்னல் மூலைகளிலும் பூச்சு திட்டுத் திட்டாகப் பெயர்ந்திருக்கும். பூச்சு நிற்கும் இடத்தில் செங்கல் தெரியாது, ஆகவே எங்கே பூச்சு நிற்கப்போகிறது என்று முதலிலேயே முடிவு செய்தால் பாதிச் சுவருக்குக் கோடு போடும் வேலை மிச்சம்.

துப்பாக்கித் தழும்புகளுக்கு டிரில் பிட்டை எடுக்காதீர்கள். 7.92 மி.மீ. தோட்டாவின் துளை நம் அளவில் 0.2 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. தெரிவது தோட்டா பட்டுச் செங்கல் சில்லாகப் பெயர்ந்த பள்ளம். ஆழம் குறைந்து, அகலம் கூடி, ஒழுங்கற்று இருக்கும். மாதிரியில் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. அவற்றைச் சுவர் முழுக்கச் சமமாக இறைப்பதும் கூடாது. ஆட்கள் சுடுவது ஜன்னலில் இருக்கும் ஆளைத்தான். எனவே ஜன்னலைச் சுற்றி அடர்ந்தும் மற்ற இடத்தில் அரிதாகவும் இருக்கட்டும்.

உள்ளே

உட்பக்கத்தில்தான் இது ஸ்டாலின்கிராடா வேறெங்கோவா என்று தெரியும். மூன்று நான்கு அடையாளங்களைச் சரியாகப் போட்டால் போதும்.

ஜன்னல் இரட்டைச் சட்டம். குளிருக்காக வெளியில் ஒன்று உள்ளே ஒன்று. மேல் பகுதியில் காற்றுக்காகத் தனியாகத் திறக்கும் ஒரு சிறு சதுரக் கதவு இருக்கும். தடுப்புச் சுவர்கள் பலகையால் ஆனவை. பலகையின்மேல் மெல்லிய மரப்பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, வைர வடிவக் கட்டங்கள் வரும்படி ஆணியடித்து, அதன்மேல் பூசியிருப்பார்கள். பூச்சு விழுந்த இடத்தில் இந்தச் சாய்ந்த பின்னல் தெரிந்தால் ரஷ்ய வீடு என்று விவரம் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். பட்டி உண்மையில் 15-20 மி.மீ. அகலம், மாதிரிக்கு அரை மி.மீ. மூங்கில் சிம்பைச் சீவி எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு திட்டு போதும். மின்கம்பி சுவருக்குள் புதைந்திருக்காது. துணி சுற்றிய இரட்டை ஒயரை முறுக்கிச் சின்னப் பீங்கான் உருளைகளில் சுவர்மேலேயே இழுத்திருப்பார்கள். மெல்லிய செம்புக் கம்பி இரண்டை முறுக்கினால் ஒயர் தயார்.

கூரையில் பலர் சறுக்குகிறார்கள். நார்மண்டிப் பழக்கத்தில் சிவப்பு ஓட்டுச் சில்லுகளை அள்ளித் தூவிவிடுகிறார்கள். இங்கே கூரை மரச்சட்டத்தின்மேல் அடித்த இரும்புத் தகடு. எரிந்து விழுந்த தகடு துணிபோல மடிந்து சுருண்டு கிடக்கும். சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்துக் கசக்கித் துருநிறம் அடித்தால் சரியாக வரும்.

தளத்தின் உத்திரங்கள் சுவரில் பொதிந்திருக்கும். தளம் எரிந்து போனாலும் சுவரில் உத்திரப் பொந்துகள் ஒரே மட்டத்தில், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் வரிசையாகத் தெரிய வேண்டும். மாதிரியில் 25 மி.மீ.க்கு ஒன்று, அளவு 3 × 6 மி.மீ. சிலவற்றில் கரிந்த கட்டையின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கட்டையைக் கத்தியால் வெட்டாதீர்கள். ஐஸ்குச்சி மரத்தைச் சீவி, பாதி கீறி, கையால் வளைத்து ஒடித்தால் நார் நாராகக் கிழியும். பால்சா மரம் இதற்கு ஆகாது, மொத்தையாக உடையும். உத்திரங்களுக்கு இடையே குளிர் தடுக்கச் சாம்பல், மணல் போன்றவற்றைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். தளம் விழுந்தால் அதுவும் கொட்டும். குவியலில் சாம்பல்நிறப் பட்டை ஒன்று தெரிவதற்கு இது நல்ல நியாயம்.

ஒவ்வொரு தளத்தின் சுவருக்கும் ஒவ்வொரு நிறம் கொடுங்கள். அங்கே வெவ்வேறு குடும்பங்கள் இருந்தன. எரிந்த அறையில் காகிதம், துணி எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது இரும்புக் கட்டில் சட்டம், வார்ப்பிரும்பு ரேடியேட்டர், பாத்திரம். மேல்தளச் சுவரில் ரேடியேட்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குவது போர்க்காலப் படங்களுக்கு ஒத்த காட்சி. பொம்மை, புகைப்படச் சட்டம், கிராமஃபோன் ஆகிய மூன்றையும் தெருவில் போட்டு இரக்கம் தேடாதீர்கள். அது பழசாகிவிட்டது.

குவியல்

இப்போது 800 செங்கல் கணக்குக்கு வருவோம். நம் மாதிரியில் தெருவைப் பார்த்த சுவரின் நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு தளம் இல்லை. அதாவது 200 × 188 × 14.5 மி.மீ. சுவர், ஏறக்குறைய 545 கன செ.மீ., கீழே வந்துவிட்டது. இடிமானம் நெருங்கி அடங்காது, இடையில் காற்று இருக்கும். கன அளவு ஒன்றரை மடங்குவரை கூடும். சுமார் 820 கன செ.மீ. பாதி உள்ளே, பாதி வெளியே விழுந்தால் தெருப்பக்கம் 400க்கு மேல், அதாவது பெரிய டம்ளரில் இரண்டு. கொட்டிய செங்கல் ஏறக்குறைய 35-40 பாகைச் சரிவில் நிற்கும். சுவரை ஒட்டிக் குவிந்தால் அதன் உயரம் 56 மி.மீ. வருகிறது. கதவின் உயரம் 57 மி.மீ.! தரைத்தளக் கதவே மூடிப்போகும்.

வெடிப்பு வீசியடித்ததில் கொஞ்சம் தூரம் பரவியிருக்கும், உங்கள் தளப் பலகையைத் தாண்டியும் போயிருக்கும். அதற்காகப் பாதியைக் கழித்தாலும் தரைத்தள ஜன்னலின் அடிச்சட்டம்வரை குவியல் ஏறும். போர்க்காலப் படங்களில் ஆட்கள் ஜன்னல் வழியாக நேராக நடந்து உள்ளே போவது இதனால்தான். கதவு வழியே சிப்பாயை நிறுத்த ஆசைப்பட்டால் கதவின் முன்னால் மட்டும் இடிமானத்தை ஒதுக்கி வழி செய்திருப்பதாகக் காட்டுங்கள். செயின்ட்-லோ போன்ற நார்மண்டி நகரங்களில் அமெரிக்கப் பொறியாளர்கள் புல்டோசரால் தெருவைச் சுத்தம் செய்ததால் நடுத்தெரு காலியாகவும் இரு ஓரமும் மேடாகவும் இருக்கும். 1942 அக்டோபர் ஸ்டாலின்கிராடில் முன்னணிக் கோட்டில் யாரும் தெருவைப் பெருக்கவில்லை.

இவ்வளவு செங்கலையும் வார்க்க வேண்டியதில்லை. குவியலின் உட்பகுதியை ஃபோமில் மேடாகச் செதுக்கி ஒட்டிவிட்டு, மேல் பத்து மி.மீ.க்கு மட்டும் உண்மையான இடிமானம் போடுங்கள். மேட்டை ஒரே சீரான சரிவாகச் செதுக்காதீர்கள். சுவர் அதிகம் போன இடத்துக்கு நேர் கீழே மேடு அதிகம்.

போடும் வரிசை முக்கியம். முதலில் பெரியவை: ஐந்தாறு வரி ஒட்டியபடியே விழுந்த சுவர்த் துண்டுகள், உத்திரக் கட்டைகள், ஜன்னல் சட்டம், தகடு. இவற்றைக் குவியலில் பாதி புதையும்படி வைக்க வேண்டும். முழு நீளமும் வெளியில் தெரியும்படி மேலே வைத்த உத்திரம், யாரோ கொண்டுவந்து வைத்ததாகவே தெரியும். அடுத்து முழுச் செங்கலும் அரைச் செங்கலும். அதற்குப் பிறகு சில்லு. பழைய பிளாஸ்டர் வார்ப்புகளை உடைத்து மூன்று அளவுச் சல்லடையில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மாவு. இது பள்ளங்களில் இறங்கித் தங்கும். டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் தானாகவே சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். மீன்தொட்டிக் கூழாங்கல்லை மறந்துவிடுங்கள், அது உருண்டை. ஆற்றுமணலும் நம் அளவுக்கு அப்படித்தான்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்கால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்து நனைத்துவிட்டு, சொட்டுக்குழாயால் ஓரத்திலிருந்து விடுங்கள். தானாக ஊறிப் பரவும். மேலிருந்து கொட்டினால் மாவு குழியாகும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஆட்கள் வாரக்கணக்கில் தங்கிச் சண்டையிட்ட குவியலில் ஒற்றையடித் தடம் உண்டாகும். ஜன்னலிலிருந்து பக்கத்துப் பதுங்குகுழிவரை சில்லுகள் மிதிபட்டுத் தூளான ஒரு கோடு காட்டுங்கள். சுடும் இடத்தில் செங்கலைக் கையால் அடுக்கிய சிறு தடுப்பு இருக்கும். தானாக விழுந்ததற்கும் மனிதன் அடுக்கியதற்கும் உள்ள வேறுபாடு ஒன்று தெரிந்தாலே காட்சிக்குக் கதை வந்துவிடும்; வேறு கதை தேட வேண்டாம்.

வண்ணமும் தூசும்

தின்னர் கலந்த ஸ்பிரே பெயிண்ட் ஃபோமைக் கரைத்துவிடும். முதலில் நீர்த்த ஃபெவிக்காலோ அக்ரிலிக்கோ ஒரு பூச்சுக் கொடுத்து முழுவதையும் மூடுங்கள்.

செங்கலுக்கு ஒரே சிவப்பை அடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நடுத்தரமான ஒரு செம்பழுப்பை அடித்தளமாக அடித்து, பத்தில் இரண்டு மூன்று கற்களை மட்டும் வெளிர் ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு என்று தனித்தனியே தொடுங்கள். சாந்துக் கோட்டில் வெளிர்சாம்பல் பட்டியை நீர்க்கப் பூசி, மேல்முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் கோடு மட்டும் நிறையும். உடைந்த முகங்கள் வெளிமுகத்தைவிட ஒரு படி வெளிச்சமாக இருக்க வேண்டும்.

நாம் எழுதி ஒட்டிய தாளை இப்போது பாருங்கள்: முதலில் தீ, பிறகு குண்டு. ஆகவே கரி சுவரின் மேல்முகத்தில் இருக்கும், குண்டு உடைத்த வெட்டுமுகத்தில் இருக்காது. கரிந்த சுவரில் ஒரு தோட்டாத் தழும்பு ஆரஞ்சுப் பொட்டாகப் பளிச்சிடும். இந்த ஒரு முரணைச் சரியாகக் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம். கரிக்கு நல்லது பொடித்த கறுப்புப் பேஸ்டல் சாக். ஜன்னலின் மேல்விளிம்பில் அடர்த்தியாகத் தொடங்கி மேல்நோக்கி ஊதி விடுவதுபோலத் தேயுங்கள்.

தூசு கடைசி. இடிபாட்டுத் தூசின் நிறம் சாம்பல் என்று நினைப்பது தவறு. சுண்ணாம்புப் பூச்சும் செங்கலும் சேர்ந்து அரைபட்டது அது. வெளிறிய இளஞ்சிவப்பு கலந்த ஒரு மங்கல். உண்மையான செங்கல்லைத் தேய்த்த தூளில் சாக்பீஸ் தூளைப் பாதிக்குமேல் கலந்தால் கிடைக்கும். கிடையாக உள்ள எல்லாவற்றின் மீதும் இது படிய வேண்டும்: ஜன்னல் அடிச்சட்டம், உத்திரத்தின் முதுகு, டாங்கியின் மட்கார்டு, சிப்பாயின் முழங்கால், பூட்ஸ். நிலைச்சுவரில் குறைவாக. சுவருக்குத் தயாரித்த அதே கிண்ணத்துத் தூசையே டாங்கிக்கும் போடுங்கள். கடையில் வாங்கிய வேறு நிற மண்ணை டாங்கியில் பூசியிருந்தால், டாங்கி வேறு ஊரிலிருந்து வந்து நிற்பதுபோல இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து, 1942 படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தின் மயக்கம் போய்விடுவதால் குறை உடனே தெரியும். தொண்ணூறு சதவீதம் அந்தக் குறை, இடிமானம் போதவில்லை என்பதாகத்தான் இருக்கும். இன்னும் ஒரு டம்ளர் போடுங்கள். டாங்கியையும் ஆட்களையும் இப்போதே ஒட்டிவிடாதீர்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் செங்கலை விலக்கிக் கால் பதிக்கும் வேலை பாக்கி இருக்கிறது; அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம். மிஞ்சிய செங்கற்களை அளவு வாரியாக மூடி போட்ட டப்பாக்களில் எடுத்து வையுங்கள்.